அடக்கி வாசி: மெட்டல் கிட்டாரிஸ்ட் ப்ளூஸ் பேண்டில் சேர முழுமையான வழிகாட்டி

அச்சங்குளம், ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை பக்கம் கிட்டார் பிடிக்கிற பையன்களுக்கு வாத்தியார் யூடியூப்தான். சாத்தூரிலோ சிவகாசியிலோ சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. ஆனால் அங்கே சர்ச் பாட்டும் சினிமாப் பாட்டும்தான் பாடம். மெட்டாலிகா வேண்டுமென்றால் ஃபோனை நம்ப வேண்டியதுதான். இப்படி அறைக்குள் உட்கார்ந்து தனியாகத் தேறியவர் படிக்கவோ வேலைக்கோ மதுரை, சென்னை, பெங்களூரு என்று போகிறார். அங்கே ஒரு ப்ளூஸ் பேண்டில் கிட்டாருக்கு ஆள் இல்லை என்று கூப்பிடுகிறார்கள். "மூணே கார்ட்தானண்ணே, கண்ணை மூடிட்டு வாசிச்சிரலாம்" என்று கிளம்புகிறவர் முதல் ரிகர்சலிலேயே திணறிப்போகிறார். வேகம் இருக்கிறது, விரல் பேசுகிறது, ஆனால் பாட்டோடு ஒட்ட மாட்டேன் என்கிறது. அவருக்காகத்தான் இந்த வழிகாட்டி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ப்ளூஸுக்கு மாறுவது என்றாலே எல்லோரும் சோலோவைத்தான் நினைக்கிறார்கள். பென்டடானிக் ஸ்கேல் ஏற்கெனவே தெரியும், கொஞ்சம் உருக்கமாக இழுத்தால் போதும் என்று கணக்கு. நிஜக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 12 பார் கொண்ட ஒரு சுற்றில் 48 அடி. நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஒரு சுற்று 24 விநாடி. ஐந்து நிமிடப் பாட்டில் 12 சுற்று ஓடிவிடும். உங்களுக்குச் சோலோ என்று கிடைப்பது இரண்டு சுற்று, அதாவது 48 விநாடி. மீதி நான்கு நிமிடத்துக்கு மேல் நீங்கள் வேறொருவருக்காக வாசிக்கிறீர்கள். உங்களைப் பேண்டில் வைத்துக்கொள்வதா, நைசாகக் கழற்றிவிடுவதா என்பது அந்த நான்கு நிமிடத்தில்தான் முடிவாகும்.

## தொடங்கும் முன்: இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்

மெட்டலை விட்டுவிட்டு அந்நிய தேசத்துக்குப் போகிறோம் என்ற எண்ணம் வேண்டாம். 1965இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஒரு தகட்டு ஆலையில் 17 வயதுப் பையனின் வலக்கை நடுவிரலும் மோதிரவிரலும் இயந்திரத்தில் மாட்டி நுனி போயின. அந்த ஆலையில் அன்றுதான் அவனுக்குக் கடைசி வேலைநாள். இடக்கைப் பழக்கம் உள்ளவன்; கம்பியை அழுத்துவது வலக்கை என்பதால் கிட்டார் கனவு அத்தோடு முடிந்தது என்றார்கள். ஆலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். தீக்காயத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் உலகப் புகழ் பெற்ற கிட்டாரிஸ்ட் அவர். பையன் பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டான். கடையில் மெல்லிய கிட்டார் கம்பி கிடைக்காத காலம். பான்ஜோ கம்பியை வாங்கி மாட்டினான். அவன்தான் டோனி அயோமி. பேப்பர் கட்டிங் மெஷினும் பட்டாசு மருந்தும் புழங்குகிற நம் பக்கத்தில் இந்தக் கதைக்கு விளக்கவுரை தேவைப்படாது.

அயோமி 1968இல் நண்பர்களோடு தொடங்கிய குழுவின் பெயர் போல்கா டல்க் ப்ளூஸ் பேண்ட். அது எர்த் ஆகி, பிறகு ப்ளாக் சப்பாத் ஆனது. 1970 பிப்ரவரி 13 அன்று முதல் ஆல்பம் வந்தது. மெட்டலின் பிறப்புச் சான்றிதழ் என்று எல்லோரும் காட்டும் அந்த ஆல்பம் ஒரு ப்ளூஸ் குழுவின் கையிலிருந்து வந்ததுதான்.

எதிர்த்திசையில் போனவரும் உண்டு. பெல்ஃபாஸ்ட்காரர் கேரி மூர் 1980கள் முழுக்க காது கிழியும் ஹார்ட் ராக் ஆல்பங்களைப் போட்டவர். 1990இல் 'ஸ்டில் காட் த ப்ளூஸ்' என்று முழு ப்ளூஸ் ஆல்பத்தோடு வந்து நின்றார். ஆல்பர்ட் கிங்கும் ஆல்பர்ட் காலின்ஸும் அதில் கூட வாசித்தார்கள். மூரிடம் பல காலம் இருந்த 1959ஆம் வருட லெஸ் பால் கிட்டார், ப்ளூஸ் மேதை பீட்டர் கிரீனிடமிருந்து வாங்கியது. அதே கிட்டார் இன்று மெட்டாலிகாவின் கர்க் ஹேமெட் கையில் இருக்கிறது. ஒரே மரக்கட்டை ப்ளூஸிலிருந்து மெட்டல் வரை கை மாறி வந்திருக்கிறது.

இந்தியாவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், ஷில்லாங்கிலிருந்து தொடங்குங்கள். ரூடி வாலாங்கும் டிப்ரிதி கர்பங்காரும் 2003இல் ஆரம்பித்த சோல்மேட், 2007இல் அமெரிக்காவின் மெம்பிஸில் நடக்கும் சர்வதேச ப்ளூஸ் போட்டிக்கு இந்தியாவிலிருந்து போன குழு. 2011இலிருந்து மும்பை மெஹபூப் ஸ்டுடியோவில் மஹிந்திரா ப்ளூஸ் விழா நடக்கிறது. முதல் வருடமே ப்ளூஸ் மேதை பட்டி கை வந்து வாசித்தார். சென்னையில் ப்ளூஸ் கான்சியன்ஸ் என்ற குழு இருக்கிறது. ரூடி வாலாங் வாசிக்கும் வீடியோக்களை உட்கார்ந்து பாருங்கள். அதிலும் டிப்ரிதி பாடும்போது அவர் கை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

## படி 1: கருவியை ஒழுங்குபடுத்துங்கள்

உங்கள் கிட்டார் டிராப் டி, டிராப் சி என்று எங்கேயோ பாதாளத்தில் இருக்கும். ஸ்டாண்டர்ட் ட்யூனிங்குக்கு ஏற்றிவிடுங்கள். ஹார்மோனிகாக்காரர் கையில் இருப்பது ஒரே சுருதியில் செய்யப்பட்ட கருவி. நீங்கள் இறங்கினால் அவரால் கூடவே இறங்க முடியாது. ஸ்டீவி ரே வான் அரைச் சுருதி இறக்கித்தானே வாசித்தார் என்று வாதாடலாம். அது அவருடைய பேண்ட்.

11-56 மாதிரி கனமான செட் மாட்டியிருந்தால் கழற்றி 10-46 மாட்டுங்கள். கனத்த கம்பியை ஸ்டாண்டர்டில் முறுக்கி ஒன்றரைச் சுருதி வளைத்தால் விரல் நுனி பிய்ந்துவிடும். கம்பி மாறினால் கழுத்தின் வளைவும் மாறும். டிரஸ் ராடைத் திருகிப் பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் வேறொரு சங்கடம் இருக்கிறது. மூன்றாம் கம்பியை வளைத்துக்கொண்டே இரண்டாம் கம்பியை அசையாமல் ஒலிக்க விடும் இழுப்பு ப்ளூஸில் அடிக்கடி வரும். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியை இழுத்தால் பிரிட்ஜே முன்னால் சாயும். மற்ற கம்பிகள் தளர்ந்து சுருதி இறங்கும். ஹை கெயினில் ஒற்றைக் கம்பியாகவே வாசித்துவந்த உங்களுக்கு இதுவரை இது தெரிந்திருக்காது. தீர்வுக்குக் காசு செலவில்லை. கிட்டாரின் முதுகிலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். ஸ்பிரிங் இருக்கும் குழியில் ட்ரெமலோ பிளாக் தொங்குவது தெரியும். அதன் இருபுறமும் அளவாகச் செதுக்கிய மரத்துண்டை இறுக்கமாக வைத்தால் பிரிட்ஜ் அசையாமல் நின்றுவிடும்.

பெடல் விஷயம் சுருக்கமாக. பாஸ் மெட்டல் ஜோனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். நாய்ஸ் கேட்டை அணைத்துவிடுங்கள். ஸ்வரம் தேய்ந்து மறையும் வால்பகுதியை அது வெட்டிவிடும், ப்ளூஸில் அந்த வாலுக்குத்தான் மதிப்பு. மெட்டல்காரர்கள் டிஸ்டார்ஷனை இறுக்கிப் பிடிக்க வைத்திருக்கும் ட்யூப் ஸ்க்ரீமர் உங்களிடம் இருந்தால் அதுவே போதும்: டிரைவைக் குறைத்து, லெவலை ஏற்றுங்கள். ஆம்பில் மிட்டைப் பூஜ்யத்தில் வைக்கும் பழக்கத்தை விட வேண்டும். தனியாக வாசிக்கும்போது அந்த ஒலி பிரமாதமாக இருக்கும். பேண்டோடு வாசித்தால் பேஸுக்கும் சிம்பலுக்கும் நடுவில் நீங்கள் காணாமல் போவீர்கள்.

இன்னொன்று. மெட்டலில் கிட்டாரின் வால்யூம் குமிழ் எப்போதும் பத்தில்தான். ப்ளூஸில் அதுதான் பிரதான பெடல். பாடகர் பாடும்போது ஆறு, சோலோவுக்கு ஒன்பது, உச்சத்துக்குப் பத்து. ஈஎம்ஜி மாதிரி ஆக்டிவ் பிக்கப் இருந்தால் குமிழைக் குறைத்தாலும் ஒலி அவ்வளவு இளகாது. அப்போது ஆம்பின் கெயினையே குறைத்துத்தான் தொடங்க வேண்டும்.

## படி 2: 12 பாரை எண்ணாமல் உணரும்வரை

ஏ சுருதியில் எடுத்துக்கொள்வோம். முதல் 4 பார் ஏ7. அடுத்த 2 பார் டி7. திரும்ப 2 பார் ஏ7. ஒன்பதாவது ஈ7, பத்தாவது டி7, பதினொன்றாவது ஏ7, பன்னிரண்டாவதில் ஈ7க்குப் போய்த் திரும்பத் தலைக்கு வர வேண்டும். இரண்டாவது பாரிலேயே டி7க்குப் போய் வந்தால் அதற்கு க்விக் சேஞ்ச் என்று பெயர். பார்த்தால் மூன்று கார்ட்தான். ரிகர்சலில் தொலைவது பெரும்பாலும் ஏழாவது, எட்டாவது பாரில். பாட்டு ஏ7இல் நின்றுகொண்டிருக்கும், நீங்கள் ஈ7க்குத் தாவியிருப்பீர்கள்.

மெட்டலில் அமைப்பு வேறு. ரிஃப் நான்கு தடவை, பிறகு அடுத்த ரிஃப், நடுவில் பிரேக்டவுன் என்று எல்லாம் முன்கூட்டியே தைத்து வைத்தது. யாருக்கு என்ன வேலை என்பது மேடைக்கு வரும் முன்பே தெரியும். ப்ளூஸில் சுற்று மட்டும்தான் முடிவானது. யார் எத்தனை சுற்று எடுப்பார், எங்கே இறங்கும், எங்கே முடியும் என்பதெல்லாம் அங்கேயே முடிவாகும். அதனால்தான் சுற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்படி வைத்திருக்க வேண்டும். மூளை எண்ணிக்கொண்டிருந்தால் கண்ணால் மற்றவரைப் பார்க்க முடியாது.

பயிற்சிக்கு ஒரு வழி. பாட்டைப் போட்டுவிட்டு கிட்டாரைத் தொடாமல் சமையலுக்கு உதவுங்கள், துணி மடியுங்கள். ஒன்பதாவது பார் வரும்போது மட்டும் ஒரு தட்டுத் தட்டுங்கள். எண்ணாமலே தட்டு சரியாக விழுகிற நாளில் அடுத்த படிக்குப் போகலாம். அதன்பின் ஏ மட்டும் போதாது. ஈ, ஜி, சி எல்லாவற்றிலும் பழக வேண்டும். சாக்ஸஃபோனோ ட்ரம்பெட்டோ உள்ள பேண்ட் என்றால் பி ஃப்ளாட்டும் எஃப்பும் கட்டாயம் வரும். ஹார்மோனிகாவில் ஒரு சூட்சுமம் உண்டு: வாசிப்பவர் 'ஏ' என்று எழுதிய ஹார்மோனிகாவை எடுத்தால் பெரும்பாலும் பாட்டு ஈயில்தான். 'டி' எடுத்தால் ஏ. தெரியாமல் எழுத்தைப் பார்த்துத் தொடங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

## படி 3: ஷஃபிள்

இங்கேதான் மெட்டல் கை அதிகம் அடம்பிடிக்கும். நீங்கள் வருடக்கணக்காகப் பழக்கியது ஒரு அடியை இரண்டாக, நான்காகச் சமமாக வெட்டுவது. ஷஃபிளில் ஒரு அடி மூன்றாகப் பிரியும். முதல் துண்டும் மூன்றாவது துண்டும் மட்டும் ஒலிக்கும். நமக்கு இது புதிதே இல்லை. "தகிட தகிட" என்று வாயில் சொல்லுங்கள். 'கி'யை மட்டும் விழுங்கிவிட்டு "த-ட த-ட" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் ஷஃபிள். நையாண்டி மேளத்தில் திஸ்ர நடையில் ஓடும் அடிகளைச் சின்ன வயதிலிருந்து கேட்டவர்கள் நாம். காலுக்கு அது தெரியும், பிக் பிடித்த கைக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

ஆறாம், ஐந்தாம் கம்பிகளில் பவர் கார்டைப் பிடித்து சுண்டுவிரலை நீட்டி ஐந்தாம் ஸ்வரத்திலிருந்து ஆறாம் ஸ்வரத்துக்குப் போய்வரும் அந்தப் பழைய அசைவைத் தெரிந்திருப்பீர்கள். ஜிம்மி ரீடின் பாட்டுகளில் எடி டெய்லர் அதை எப்படி வாசித்தார் என்று கேளுங்கள். அவசரமே இருக்காது. உள்ளங்கை ஓரத்தால் கம்பியை லேசாக அமுக்கும் பாம் மியூட் இதற்கும் வேண்டும். அந்த வித்தையில் நீங்கள் ஏற்கெனவே தேர்ந்தவர். ஆனால் டவுன் ஸ்ட்ரோக்கை எல்லா அடியிலும் ஒரே பலத்தில் இறக்காதீர்கள். இரண்டாவது, நான்காவது அடியில் ஸ்னேர் விழும், உங்கள் எடையும் அங்கே விழட்டும்.

மெட்டல்காரர் அடிக்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்பார். அந்த இசைக்கு அந்த உந்தல் வேண்டும். ப்ளூஸில் டிரம்ஸ் வரட்டும் என்று சற்றே பின்தங்கி நிற்க வேண்டும். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து மெதுவான 12/8 ப்ளூஸ் வாசித்துப் பதிவு செய்து கேளுங்கள். 200 வேகத்தில் தடுமாறாதவர் 60இல் தடுமாறுவார். இதற்கு மாதக்கணக்கில் நேரம் எடுக்கும், குறுக்குவழி கிடையாது.

## படி 4: அடுத்தவருக்காக வாசிக்கும் நான்கு நிமிடம்

விருதுநகர் பங்குனிப் பொங்கல் சமயத்தில் மேடை போட்டு வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராக்களில் ஓரமாக ஒரு நாற்காலியில் ரிதம் கிட்டார் அண்ணன் ஒருவர் இருப்பார். அவரை யாரும் பார்ப்பதில்லை. பாடகர் மூச்சு வாங்கினால் நிறைப்பார், கீபோர்டு நுழைந்தால் விலகுவார், தபலா தடுமாறினால் தாங்குவார். ப்ளூஸ் பேண்டில் சேர விரும்பும் மெட்டல் பையன் ஒரு இரவு பாடகரைப் பார்க்காமல் இவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் பாதிப் பாடம் முடிந்தது. இந்த அண்ணனை ப்ளூஸ் பேண்டில் உட்காரவைத்தால் அரைமணி நேரத்தில் செட்டாகிவிடுவார் என்பது என் எண்ணம். நம் பக்கத்து சர்ச்சுகளில் பாடல் குழுவோடு வாசிப்பவர்களுக்கும் இதே அனுகூலம் உண்டு.

அவர் செய்வதை நீங்கள் செய்ய, முதலில் பேஸ் கிட்டாரின் இடத்திலிருந்து எழுந்து வாருங்கள். ஆறாம் கம்பியில் பவர் கார்டை முழுக்க இறக்கினால் பேஸும் நீங்களும் ஒரே இடத்துக்குச் சண்டை போடுவீர்கள். நான்காம், மூன்றாம், இரண்டாம் கம்பிகள் மட்டும் போதும். ஏ7க்கு அந்த மூன்றில் வரிசையாக 5, 6, 5 ஃப்ரெட்களைப் பிடியுங்கள். இதில் 'ஏ' என்ற மூல ஸ்வரமே இல்லை. அதைப் பேஸ் வாசிக்கிறது. டி7 வரும்போது முதல் இரண்டு விரலை ஒரு ஃப்ரெட் பின்னே நகர்த்துங்கள், மூன்றாவது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்: 4, 5, 5. இதே வடிவத்தை இரண்டு ஃப்ரெட் முன்னே தள்ளினால் ஈ7க்கு ஆகிவிட்டது: 6, 7, 7. கை அசைவதே தெரியாது, ஆனால் பாட்டு நகரும். கார்டை அடித்தவுடன் விரலைத் தளர்த்தி ஒலியை வெட்டுங்கள். வெட்டுகிற இடமும் தாளத்தின் பகுதிதான்.

பாடகர் ஒரு வரி பாடி நிறுத்துகிறார். அந்த இடைவெளிதான் உங்களுக்கானது. இரண்டு மூன்று ஸ்வரத்தில் ஒரு பதில், அடுத்த வரி தொடங்கும் முன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பி.பி. கிங் தாமே பாடித் தாமே வாசித்தவர். பாடும்போது வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார். 1964 நவம்பரில் சிகாகோவில் பதிவான 'லைவ் அட் த ரீகல்' முழுக்க இந்தப் பேச்சுவார்த்தைதான்.

இன்னொரு கிட்டார் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அவர் கீழே ஷஃபிள் ஓட்டினால் நீங்கள் மேலே வெட்டுக் கார்ட். இரட்டை கிட்டாரில் ஒரே ரிஃப்பை இருவரும் சேர்ந்து அடித்து மதில் மாதிரி எழுப்புவது மெட்டலின் அழகு. இங்கே அது கூச்சல்.

## படி 5: இனி சோலோ

ஏ மைனர் பென்டடானிக், ஐந்தாம் ஃப்ரெட், தெரிந்த வீடுதான். ஆனால் அந்த வீட்டில் மூன்றாம் கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் மட்டும் ஒரு வாரம் உட்காருங்கள். அது சி. அதற்கடுத்த ஆறாம் ஃப்ரெட்டில் சி ஷார்ப். ப்ளூஸ் வசிப்பது இவை இரண்டுக்கும் நடுவில்தான். ஏ7 ஓடும்போது ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்திக் கம்பியைக் கொஞ்சமே கொஞ்சம் தள்ளுங்கள். ஆறாம் ஃப்ரெட்டின் ஒலி வரை போகக் கூடாது. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. 'ஏ'வை ஷட்ஜமாக வைத்தால் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே ஊசலாடுகிறீர்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரப் பதிவுகளைக் கேளுங்கள். ஒரு ஸ்வரத்தை எங்கே தொட்டு எங்கே விடுவது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் சிகாகோவிலும் கிடைக்காது.

ஐந்தாவது பாரில் டி7 வரும்போது அதே சி தள்ளாமலே அழகாக உட்காரும், ஏனென்றால் அது அந்தக் கார்டின் ஏழாவது ஸ்வரம். ஆக ஏ7இல் சி ஷார்ப்பை நோக்கிப் போங்கள், டி7இல் சிக்கு இறங்குங்கள். இந்த ஒரே ஒரு ஸ்வர மாற்றத்தைக் கேட்டதும் பேண்டில் உள்ள மற்றவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நீங்கள் கார்டைக் கேட்டு வாசிக்கிறீர்கள் என்பதற்கு அது அத்தாட்சி. ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டுவதை நிறுத்த இதுவே நல்ல மருந்து.

வளைவுகளில் சுருதி சுத்தம் வேண்டும். ஹை கெயினும் டிலேயும் இதுவரை உங்கள் பெண்ட் பிசகுகளை மூடி மறைத்திருக்கும். கெயினைக் குறைத்தவுடன் எல்லாம் வெளியே தெரியும். சேர வேண்டிய ஸ்வரத்தை முதலில் வாசித்துக் காதில் வாங்கிக்கொண்டு, பிறகு இரண்டு ஃப்ரெட் கீழிருந்து வளைத்து அங்கே சேருங்கள். ட்யூனரைப் பார்க்காதீர்கள், வாயால் பாடுங்கள்.

வேகம்? தடை ஒன்றுமில்லை. இரண்டு சுற்றில் ஒரு தடவை, நான்கு அடிக்கு உங்கள் பழைய வேகத்தை அவிழ்த்துவிடலாம். கேரி மூர் தாராளமாகச் செய்தார். முதல் அடியிலிருந்தே வேகம் என்றால் அதற்கு மேல் போக இடம் இருக்காது. ஸ்வீப் பிக்கிங்கையும் இரு கைத் தட்டலையும் மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

## படி 6: கண்ணை ஃப்ரெட்போர்டிலிருந்து எடுங்கள்

"தம்பி, ஏ-ல ஷஃபிள், க்விக் சேஞ்ச், ஃபைவ்ல இருந்து." பாட்டுக்கு முன்னால் கிடைக்கும் விளக்கம் இவ்வளவுதான். 'ஃபைவ்ல இருந்து' என்றால் ஒன்பதாவது பாரிலிருந்து, அதாவது ஈ7, டி7, ஏ7, ஈ7 என்று நான்கு பாரை முன்னிசையாக வாசித்துவிட்டுச் சுற்றின் தலைக்குப் போக வேண்டும். பாட்டு நடுவே தலைவர் தன் தலையைத் தட்டினால் ஆரம்பத்துக்குத் திரும்பு. முஷ்டியை உயர்த்தினால் முடிக்கப் போகிறோம் அல்லது நிறுத்து. கையைத் தாழ்த்திக் காட்டினால் ஒலியைக் குறை. சைகைகள் பேண்டுக்குப் பேண்ட் கொஞ்சம் மாறும். முதல் ரிகர்சலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குனிந்து விரலையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இதெல்லாம் தெரியப் போவதில்லை. முடி முகத்தை மறைத்தால் கட்டிக்கொள்ளுங்கள்.

மெட்டல்காரர் சட்டென்று ஜொலிக்கும் இடம் ஒன்று உண்டு: ஸ்டாப் டைம். மடி வாட்டர்ஸின் 1954ஆம் வருட 'ஹூச்சி கூச்சி மேன்' மாதிரி, மொத்த பேண்டும் ஒரு சின்ன ரிஃப்பை அடித்து நிறுத்த, அந்த மௌனத்தில் பாடகர் வரி சொல்வார். ஒரே நேரத்தில் அடித்து, ஒரே நேரத்தில் கம்பியை அமுக்கி நிறுத்துவது உங்களுக்குக் கைவந்த கலை.

## எங்கே, எப்போது பழகுவது

ஊரில் இருக்கும்போது ஆம்பை விட ஹெட்ஃபோன்தான் நல்லது. விடியும் முன்னே எழுந்து பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள் தூங்கும் தெரு அது; மருந்துக் கலவை வேலை வெயில் ஏறுவதற்குள் முடிந்தாக வேண்டும். தீபாவளி முடிந்து ஆலைகள் கொஞ்ச நாள் ஓயும்போது வேண்டுமானால் ஆம்பைத் திறக்கலாம்.

கூட வாசிக்க ஆள் இல்லையென்றால் ஃபோனில் டிரம்ஸும் பேஸும் ஓடவிட்டுப் பழகலாம்தான். ஆனால் அது உங்களைக் கவனிக்காது, பதிலும் சொல்லாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது சாத்தூரிலோ கோவில்பட்டியிலோ ஒரு கீபோர்டுக்காரரைப் பிடியுங்கள். சர்ச்சில் வாசிப்பவராக இருந்தால் ஒன்று, நான்கு, ஐந்து என்றாலே அவருக்குப் புரிந்துவிடும்.

## எந்த நெருப்பைப் பாடுவது

மெட்டல் பாட்டில் நெருப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது ஊர்பேர் இல்லாத நெருப்பு: நரகம், யுத்தம், உலக முடிவு. ப்ளூஸ் பாடும் நெருப்புக்கு முகவரி உண்டு. 1940 ஏப்ரல் 23 அன்று மிசிசிப்பி மாநிலம் நாட்செஸ் ஊரில் ஒரு நடன அரங்கு தீப்பிடித்து 209 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் கறுப்பின மக்கள். ப்ளூஸ் பாடகர்கள் அதைப் பாட்டாகப் பாடினார்கள். 16 வருடம் கழித்து ஹவ்லின் வுல்ஃப் ஊர்ப் பெயரோடே ஒரு பாட்டைப் பதிவு செய்தார். நம் கரிசலைப் போல மிசிசிப்பி டெல்டாவும் பருத்தி மண். மடி வாட்டர்ஸும் பி.பி. கிங்கும் அந்தப் பருத்திக் காட்டில் டிராக்டர் ஓட்டியவர்கள்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். இரண்டும் பட்டாசு ஆலை வெடிவிபத்துகள். நம் பக்கத்து ஆட்களுக்குத் தேதியைச் சொன்னாலே போதும். உங்கள் பேண்ட் சொந்தப் பாட்டு எழுத உட்காரும்போது, அமெரிக்க ரயிலையும் விஸ்கியையும் எழுதுவதற்கு முன்னால் இதை யோசியுங்கள். ப்ளூஸ் வரியமைப்பு எளிது: முதல் வரியைச் சொல்லி, அதையே திரும்பச் சொல்லி, மூன்றாவதில் பதில் சொல்வது. சொன்ன வரியையே திரும்பச் சொல்லி அழும் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது வராமல் போகாது. ஒரே நிபந்தனை: அந்தத் துக்கத்தில் இருப்பவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாலும் கூசாத மாதிரி இருக்க வேண்டும். பாட்டு முடிந்ததும் கிட்டாரில் வெடிச்சத்தம் எழுப்புகிற யோசனை யாருக்காவது வந்தால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள்.

## மெட்டலிலிருந்து விடக்கூடாதவை

தேவையில்லாத கம்பியை இரு கைகளாலும் அடக்கி வைக்கும் சுத்தம், நிமிடக்கணக்கில் தளராத வலக்கை, பாட்டைக் கரைத்துக் குடித்துவிட்டு ரிகர்சலுக்கு வரும் பழக்கம். ப்ளூஸ்காரர்களில் பலருக்கு, முக்கியமாக மூன்றாவதில், உங்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அகலமான வைப்ராட்டோவையும் விட வேண்டாம். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் போடாமல் நீண்டு நிற்கும் ஸ்வரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பர்ட் கிங்கின் 1967ஆம் வருட 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' ஆல்பத்தைக் கேட்டால், அந்த முரட்டு இழுப்பு உங்கள் ஆட்களுடையது மாதிரியே இருப்பது தெரியும். வலக்கைக் கிட்டார் மாதிரி கம்பி கட்டியதை இடக்கையால் தலைகீழாகப் பிடித்து, கம்பியைக் கீழ்நோக்கி இழுத்தவர் அவர்.

பழைய மெட்டல் பேண்டை விட வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரே கிட்டாரை வெள்ளிக்கிழமை ஏற்றி ஞாயிற்றுக்கிழமை இறக்கிக்கொண்டிருந்தால் கழுத்தும் கம்பியும் தாங்காது. பிரிட்ஜ் அசையாத சாதாரணக் கிட்டார் ஒன்று பழையதாகக் கிடைத்தால் வாங்கிப்போடுங்கள். ப்ளூஸுக்கு விலை உயர்ந்தது தேவையில்லை. அதற்குப் பிறகு மெட்டல் கிட்டாரின் முதுகிலிருந்து அந்த மரத்துண்டுகளை எடுத்துவிடலாம்.